நாற்பத்து மூன்றாம் பக்கம்

என் புத்தகத்தில் செத்த வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அன்றைக்கு மதுரைக் கடைகளில் கிடைத்த இங்கிலீஷ் கைடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'இது ஒரு பேனா.' 'பசு பால் தரும்.' 'அவன் பள்ளிக்குப் போகிறான்.' யார் அந்த அவன், எந்தப் பள்ளி, மழையிலும் ஏன் போகிறான், ஒன்றும் தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் இதே வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி எழுதி எனக்கு வெறுத்துப்போயிருந்தது. அதனால் 'நூறு வினைச்சொற்கள்' என்று நானே ஒரு கைடு எழுத உட்கார்ந்தபோது மனதுக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டேன். உதாரண வாக்கியம் எல்லாம் நடந்ததாக இருக்க வேண்டும். நான் பார்த்ததாக, கேட்டதாக, குறைந்தபட்சம் என் மனைவி ஆன்மேரி என்னைத் திட்டியதாகவாவது இருக்க வேண்டும்.

அந்தப்படியே எழுதினேன். 'பிரேக்' என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டு கிரைண்டர் கல் உடைந்தது. 'ரன்' என்ற சொல்லுக்கு எங்கள் ஹெட்மாஸ்டர் நாய்க்குப் பயந்து ஓடினார். பெயரை மட்டும் மாற்றிவிடுவேன். ஹெட்மாஸ்டர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, யாருய்யா இந்தப் பயந்தாங்கொள்ளி என்று கேட்டுச் சிரித்தார். அதில் எனக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது.

அடுத்து 'ஃபைண்ட்' வந்தது. சின்னச் சொல். ஆனால் அதை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் என்னென்னவோ செய்கிறான். காணாமல் போன சாவியைக் கண்டுபிடிக்கிறான். வழியில் கிடந்ததைக் கண்டெடுக்கிறான். அடுத்தவனிடம் குறை காண்கிறான். வேலைக்கு நடுவில் எப்படியோ நேரம் கண்டுகொள்கிறான். கணக்குப் பாடம் கஷ்டமாக இருப்பதை உணர்கிறான். கோர்ட்டில் உட்கார்ந்து ஒருத்தனைக் குற்றவாளி என்று முடிவுகட்டுகிறான். மறைத்து வைத்ததைத் தெரிந்துகொள்கிறான், அதற்கு மட்டும் பின்னால் ஒரு 'அவுட்' சேர்த்துக்கொள்கிறான். நமக்கு இடத்துக்கு ஒரு சொல் வேண்டியிருக்கும்போது அவனுக்கு இது ஒன்றே போதுமாக இருக்கிறது. பதினாலு பிரிவாகப் பிரித்து வைத்துக்கொண்டு, பேனாவை மூடி, என் வாழ்க்கையில் யார் எதைக் கண்டெடுத்தார்கள் என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

அதற்கு எண்பத்து நாலாம் வருடத்துக்குப் போக வேண்டும். கிரிதரன் ஈ.பி.யில் லைன் இன்ஸ்பெக்டர், சௌராஷ்டிரக்காரர். எங்கள் பள்ளி டிரான்ஸ்பார்மர் வெடித்தபோது வந்து பழக்கமானவர். அவர் மனைவி அலர்மேல்மங்கை. கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. கூட்டுக்குடும்பத்தில் ஒன்பது வருடம் பிள்ளை இல்லாமல் இருப்பது எப்படி என்று நான் விவரிக்கத் தேவையில்லை. அந்தத் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலூரில் ஆபீஸ் ஆள் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினார்கள். அண்ணா பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு கடைசி சீட்டில் ஒரு ஒயர் கூடை இருந்தது. பச்சை ஒயர். ஒரு கைப்பிடி அறுந்துபோய் அதற்கு மட்டும் சிவப்பு ஒயர் போட்டுப் பின்னியிருந்தது. யாரோ மறந்துவிட்டார்கள், கண்டக்டரிடம் கொடுப்போம் என்று அலர்மேல்மங்கை தூக்கியிருக்கிறார். கனத்தது. மேலே மூடியிருந்த துண்டை விலக்கினால் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பிறந்து பத்து நாள் இருக்கும்.

போலீஸ், அப்புறம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு இல்லம், அப்புறம் கோர்ட். ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் அந்த இல்லத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தங்களுக்கே தரும்படி கேட்ட மனுவை நான்தான் எழுதினேன். வக்கீல் இருந்தார், ஆனால் அவருடைய இங்கிலீஷில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனுவில் கூடையை அடையாளத்துக்காக விவரமாக எழுத வேண்டியிருந்தது. அலர்மேல்மங்கை ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் கேட்டார். 'கண்டெடுத்தோம்' என்று நான் சொன்னதும் முகம் சுருங்கியது.

"கீழ கெடந்த குடைய எடுத்த மாதிரியில்ல இருக்கு. எங்களுக்கு இவ கெடைச்சான்னு போடுங்கண்ணே."

"கோர்ட்டுக்கு அதெல்லாம் விளங்காதும்மா" என்றேன். சொன்னது நான், வாத்தியார். அதனால் அவர் அதற்கு மேல் பேசவில்லை.

குழந்தை கிடைத்தாள். காவ்யஸ்ரீ என்று பெயர் வைத்தார்கள். கிரிதரன் வத்தலக்குண்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருடம் கழித்து வந்தார். பிள்ளை அங்கே பிறந்ததாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டார்கள். பழைய தெருவுக்குப் போகாமல் கோச்சடையில் எங்கள் பக்கத்து வீட்டுக்கே குடிவந்தார்கள். அந்த வட்டாரத்தில் விஷயம் தெரிந்தது எனக்கும் ஆன்மேரிக்கும்தான். கூடையை மட்டும் அலர்மேல்மங்கையால் தூக்கிப்போட முடியவில்லை. சாமி ரூமில் ஆணியில் மாட்டி, பூ வாங்கினால் அதில் போட்டு வைப்பார். "ஆஸ்பத்திரியில இருந்து உன்னைய இதுலதான் தூக்கிட்டு வந்தோம்" என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

மறைத்தே வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு எண்ணம் கிடையாது. அதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் எங்கள் வீட்டு அடுப்படியில் ஆன்மேரியோடு அவரைக்காய் நறுக்கிக்கொண்டு, எனக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "பத்தாவது பரீட்சை முடியட்டும்ணே. அதே மேலூர் பஸ்ல, அதே கடைசி சீட்ல கூட்டிட்டுப் போயி, நானே சொல்லப்போறேன். அழுவா. அழட்டும். மடியில போட்டுக்குவேன். வேற யாரு வாயிலயும் அவ அதக் கேட்டுறக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு." எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூடத் தன் பாஷையில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். பிள்ளைக்கு அப்போது எட்டு வயது.

இவ்வளவும் தெரிந்த நான், தொண்ணூற்று ஒன்பது ஏப்ரல் லீவில், பீரோவைத் திறந்து அந்த மனுவின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு ஃபைண்ட் பக்கத்தை எழுதினேன். இன்றைக்கு நினைத்தால் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை. கை தானாக ஓடியது. பதினாலு வாக்கியமும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு கதையாகவே வந்துவிட்டது. ஒரு கணவனும் மனைவியும் மேலூர் பஸ்ஸில் ஒரு குழந்தையைக் கண்டெடுத்தார்கள். அது ஒரு பச்சை ஒயர் கூடையில் இருந்தது, அதன் ஒரு கைப்பிடி சிவப்பு. தாய் யாரென்று போலீஸாரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களே தகுந்த பெற்றோர் என்று நீதிபதி முடிவுசெய்தார். இப்படியே பக்கம் முழுக்க. எழுதி முடித்ததும் ஆன்மேரியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"கூடைய எடுத்துருங்க" என்றாள்.

"பேரு எதுவும் போடலியே. ஊர்ல எம்புட்டுக் கூடை இருக்கு."

"கூடை எம்புட்டோ இருக்கு. அந்தப் பிள்ள நம்மகிட்டத்தான டியூஷன் படிக்குது?"

"உதாரண வாக்கியத்தையெல்லாம் எந்தப் பிள்ளடி உக்காந்து படிக்குது?" என்றேன். செத்த வாக்கியங்களைப் பிள்ளைகள் படிப்பதில்லை என்றுதான் உயிருள்ள வாக்கியம் எழுதக் கிளம்பினேன். அதையும் படிக்கமாட்டார்கள் என்று அதே வாயால் சொன்னேன். ஆன்மேரி உள்ளே போய்விட்டாள். கூடை இருந்தால்தான் வாக்கியம் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது, கூடையை அப்படியே இருக்க விட்டுவிட்டேன். சிம்மக்கல்லில் அச்சகம் வைத்திருந்த காசிமாயன் ஜூனில் புத்தகத்தை அடித்துக் கொடுத்தான். ஃபைண்ட் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் விழுந்தது.

சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் டியூஷன். இருபத்தெட்டுப் பிள்ளைகள். காவ்யா ஜன்னலோரம் மூன்றாவது வரிசை. வீட்டுக்கு வந்தால் என்னை மாமா என்பாள், ஆன்மேரியை அத்தை என்பாள். டியூஷனில் மட்டும் சார். அதை அவள் ஒருநாளும் மாற்றியதில்லை. அதிகம் பேசாத பெண். கேள்வி இருந்தால் எழுந்து கேட்கமாட்டாள், நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பாள். நான் பார்த்துப் பதில் எழுதுவேன். ஆறாவதிலிருந்து எங்களுக்குள் அப்படித்தான் நடந்துவந்தது.

ஜூலையில் அந்தப் பக்கம் நடத்தினேன். நடத்தும்போது என் பெருமை சும்மா இருக்கவில்லை. "இந்தப் புத்தகத்துல ஒரு வாக்கியம்கூடக் கற்பனை இல்ல. எல்லாம் நடந்தது. எல்லாரும் நாம தெனம் பாக்கற ஆளுகதான்" என்றேன். நாய் துரத்தின ஆள் யார் சார் என்று ஒருவன் கேட்டான். கண்டுபிடி பார்ப்போம் என்றேன். வகுப்பே சிரித்தது. காவ்யா சிரித்தாளா என்று எனக்கு நினைவில்லை. அன்றைக்கு நான் அவளைப் பார்க்கவில்லை. ஃபைண்டை வைத்து ஆளுக்கு ஐந்து சொந்த வாக்கியம் எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருபத்தெட்டு நோட்டையும் திருத்தினேன். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. நான் திருத்துகிற விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வினைச்சொல்லைப் பார்ப்பேன், காலம் சரியா என்று பார்ப்பேன், ஒரு டிக். வாக்கியம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை. இத்தனை வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் எவனும் பார்ப்பதில்லை. அரைமணி நேரத்தில் நோட்டுக்கட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

சனிக்கிழமை காலை வகுப்பில் நோட்டுகளைக் கொடுத்தேன். வகுப்பு முடிந்து எல்லாரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பிறகு காவ்யா மட்டும் நின்றாள். நான் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், இந்தக் கடைசி வாக்கியம் சரியா?"

"டிக் போட்டிருக்கேன்ல?"

"போட்டிருக்கீங்க சார். நெசமாவே சரியா?"

"நான் டிக் போட்டாச் சரின்னு அர்த்தம். போ, போயிச் சாப்பிடு" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் வாசல் பக்கம் போகாமல் உள்ளே நடந்தாள். அடுப்படியைத் தாண்டிக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆன்மேரி அந்த நோட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். ஐந்தாவது வாக்கியத்தை அப்போதுதான் படித்தேன்.

'தே ஃபவுண்ட் மீ இன் எ மேலூர் பஸ்.'

பக்கத்தில் என் சிவப்பு டிக். அதன் கீழே 'குட்'. கடைசியில் அவள் வைக்காமல் விட்டிருந்த முற்றுப்புள்ளியை நான் சிவப்பு மையில் அழுத்தி வைத்திருந்தேன்.

கைடைப் படித்த அன்றே அவளுக்குக் கூடை தெரிந்துவிட்டது. சிவப்புக் கைப்பிடி வைத்த பச்சைக் கூடையை நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறவள். ஆனாலும் நம்பவில்லை. அம்மாவிடம் கேட்கப் பயம். என்னிடம் வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை. அதனால் வழக்கம்போல நோட்டில் கேட்டிருக்கிறாள். பொய்யாக இருந்தால் சார் வாக்கியத்தைச் சிவப்புக் கோடு போட்டு அடித்துவிடுவார், இது என்ன உளறல் என்று கூப்பிட்டுத் திட்டுவார் என்று நான்கு நாள் காத்திருந்திருக்கிறாள். சார் திட்டவில்லை. ஒருமுறைக்கு இரண்டுமுறை சரி என்றார்.

கொல்லைக்குப் போனேன். அவள் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று பாவாடையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆன்மேரி அவள் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அழுகை வேறு ஒருத்தருக்குச் சேர வேண்டியது, வேறு ஒருத்தர் மடியில் விழ வேண்டியது. அது என் வீட்டுத் துவைகல்லில் ஓடிக்கொண்டிருந்தது. நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அந்த நிமிடத்தில் முழுசாகவே எனக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

அழுது ஓய்ந்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"'குட்'னு ஏன் சார் போட்டீங்க?"

"வாக்கியம் சரியா இருந்துச்சும்மா."

"அம்புட்டுதானா சார்?"

"நான் படிக்கலம்மா. படிக்காமப் போட்டுட்டேன். என்னை மன்னிச்சிரு."

அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மாணவியிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்பது எனக்குப் பெரிதாக இருந்தது. அவளுக்கு அது ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு என்ன எண்ணம் என்று கேட்டாள். அதையாவது உண்மையாகச் சொல்வோம் என்று, மேலூர் பஸ், கடைசி சீட்டு, பரீட்சை முடிந்த பிறகு, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில் என்னையும் ஆன்மேரியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்ப அம்மா சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிறக் கூடாது. எப்பவுமே சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க சார்."

இரண்டு பேரும் சத்தியம் செய்தோம். பதினைந்து வயதுப் பிள்ளை எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, குழாயில் முகம் கழுவி, ஆன்மேரியிடம் பவுடர் வாங்கிப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காசிமாயனிடம் போய் மிச்சமிருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்ன தப்பு வாத்தியாரே, சரியாத்தானே அச்சாயிருக்கு என்று கேட்டான். அச்சில் தப்பில்லை என்றேன். நாற்பத்து மூன்றாம் பக்கத்தை ஒவ்வொன்றாகக் கிழித்தேன். வெளியே போன புத்தகங்கள் போனவைதான். என் வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள் கையில் அந்தப் பக்கம் இருந்தது. அவர்கள் யாருக்கும் அது உதாரண வாக்கியத்துக்கு மேல் ஒன்றுமில்லை.

காவ்யா டியூஷனை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வீட்டில் கேட்பார்கள் அல்லவா? அதே ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். காலாண்டில் இங்கிலீஷில் தொண்ணூற்று மூன்று வாங்கினாள். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதுவதை மட்டும் விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்தாலும் அதன்பிறகு என்னை மாமா என்று கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்க வந்தபோதும் "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கிரிதரன் அதைக் கேட்டுச் சிரித்தார். "பொது பரீட்சை வருதுல்ல வாத்தியாரே, இப்ப இருந்தே மரியாதை" என்றார். நானும் சிரித்து வைத்தேன். ஆன்மேரி பிறகு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த ஒன்பது மாதமும் நான் நோட்டுகளை வாக்கியம் வாக்கியமாகப் படித்துத் திருத்தினேன். இருபத்தெட்டு நோட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். யார் வீட்டில் அப்பா குடிக்கிறார், யாருக்குக் கண் தெரியவில்லை, யார் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லாம் அதில் இருந்தது. இத்தனை வருடமும் இருந்திருக்கிறது. அவளுடைய நோட்டில் மட்டும் ஒன்றுமே இல்லை. 'இது ஒரு பேனா' மாதிரியான வாக்கியங்களாக எழுதிக்கொண்டு வந்தாள். தப்பே இருக்காது. டிக் போட எனக்குக் கை வராது.

இரண்டாயிரமாம் வருடம் ஏப்ரலில் பரீட்சை முடிந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மாதா கோவிலுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு வாசலில் அலர்மேல்மங்கை பட்டுச்சேலையில் நின்றார். சாமி ரூமில் மாட்டியிருந்த கூடை கையில் இருந்தது. காவ்யா பாவாடை தாவணியில் பின்னால் நின்றாள். "மேலூர் வரைக்கும் போயிட்டு வாரோம்ணே" என்று சொன்னபோது அவர் குரல் கல்யாணத்துக்குப் போகிறவர் குரல் போலவும் இருந்தது, பரீட்சைக்குப் போகிறவர் குரல் போலவும் இருந்தது. காவ்யா என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பூசையில் நான் ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லை. இந்நேரம் மாட்டுத்தாவணி, இந்நேரம் ஒத்தக்கடை என்று பஸ்ஸோடு போய்க்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். அலர்மேல்மங்கை மட்டும் எங்கள் வீட்டுக்குள் வந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தது. ஆன்மேரி அடுப்படியில் இருந்தாள், நான் முன்னறையில் இருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சொல்லிட்டேன்ணே."

"நல்லதும்மா" என்றேன்.

"கடைசி சீட்டு காலியா இருந்துச்சு. நெனச்ச மாதிரியே எல்லாம் சொன்னேன். கூடையக் காமிச்சேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணுஞ் சொல்லலண்ணே. கேட்டுக்கிட்டே வந்தா. நான்தான் அழுதேன். அவ எனக்குக் கண்ணத் தொடச்சு விட்டா, முதுகத் தடவிக் குடுத்தா. 'இதுல என்னம்மா இருக்கு'ன்னா." அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார். "அவ்வளவு பெரிய மனசு. எனக்குச் சந்தோசமாத்தான் இருக்கணும்."

நான் மேஜைமேல் கிடந்த சாக்பீஸ்களை டப்பாவில் எடுத்துப் போட்டேன்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரலண்ணே. பதினாறு வருசம் வளத்திருக்கேன். நான் பெத்தவ இல்லேன்னு சொல்றேன், அவளுக்கு ஒண்ணுமே ஆகல. யாரு வீட்டுக் கதையவோ கேட்ட மாதிரி உக்காந்திருந்தா. அழுவா, மடியில போட்டுக்கலாம்னு நெனச்சுக்கிட்டே போனேன். அவ கண்ணத் தொடைக்கப் பூத்தொவால கூட எடுத்துட்டுப் போனேன்ணே. அவளுக்கு நாங்க ஒட்டவே இல்லியோ?"

என் வாய் திறந்தது. அவள் அழுதாளம்மா, இதோ இந்தக் கொல்லையில் உட்கார்ந்து உங்களுக்காகத்தான் பாவாடையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், எல்லாம் அழுது முடித்துவிட்டாள், திருடியவன் நான் என்று சொல்லவேண்டும். ஒரே வாக்கியம். அடுப்படி வாசலில் ஆன்மேரி வந்து நின்றாள். அலர்மேல்மங்கைக்குப் பின்னால், எங்கள் கேட்டுக்கு வெளியே, காவ்யா நின்றுகொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கூடை அவள் கையில் இருந்தது. நேராக என்னைப் பார்த்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக அசைத்தாள்.

சொல்லாமல் இருந்தது அவளுக்குக் கொடுத்த சத்தியத்துக்காகவா, என் மானத்துக்காகவா என்று இன்றுவரை எனக்குள் தகராறு ஓயவில்லை. சத்தியத்துக்காக என்று சொல்லிக்கொண்டால் தூக்கம் வருகிறது. அதனாலேயே அதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

"பரீட்சை எழுதின களைப்பும்மா" என்றேன். "சில பிள்ளைக அப்படித்தான். பாசம் உள்ள இருக்கும், வெளிய காட்டத் தெரியாது."

அலர்மேல்மங்கை என்னையே பார்த்தார். நான் சொன்னதை நம்ப வேண்டும் என்று அவர் படுகிற பாடு முகத்தில் தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்றார்.